நாற்பது அடிச் சாலை

கிடங்கில் அவர் எல்லோருக்கும் ‘ரிவர்ஸ் அண்ணன்’. அவரைவிட வயதில் மூத்த வாயிற்காவலரும் அப்படித்தான் அழைப்பார். நாளொன்றுக்கு ஐம்பது அறுபது டிரெய்லர்களைப் பின்பக்கமாகக் கொண்டுவந்து சரக்கு மேடையின் வாயில்களோடு பொருத்துவது அவருடைய வேலை. மேடைக்கும் டிரெய்லருக்கும் நடுவே உள்ளங்கை அகலம் இடைவெளி இருக்கும். கூடவும் இருக்காது, குறையவும் இருக்காது. தொழிலாளர் வருகையைப் பதியும் நேர அலுவலகத்தின் சன்னல் அந்த மேடையைப் பார்த்தபடி இருந்தது. அங்கே இருபத்தாறு ஆண்டுகள் பணியாற்றிய நான், அவர் ஒரு டிரெய்லரை மறுபடி முன்னிழுத்துத் திருத்தியதை விரல்விட்டு எண்ணும் அளவே கண்டிருக்கிறேன்.

அவர் மூட்டை தூக்குபவராக வந்தவர். முப்பதாவது வயதில் முதுகுத்தண்டில் ஒரு வட்டு பிதுங்கியது. இனிப் பத்துக் கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாதென்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளோடு என் மேசைக்கு வந்து நின்றார்.

"சார், தூக்கக் கூடாதுன்னு எழுதியிருக்காரு. வேற என்ன செய்யலாம்னு எழுதலையே."

கிடங்கு வளாகமான யார்டில் இழுவை வண்டி ஓட்டியவர் அந்த வாரந்தான் வேலையை விட்டுப் போயிருந்தார். வளாகத்துக்குள் மட்டும் ஓட்டுவதற்குக் கனரக உரிமம் தேவையில்லை என்பது அக்கால விதி. மேலாளரிடம் நான் ஒரு வார்த்தை சொன்னேன். ரிவர்ஸ் அண்ணன் அந்த வண்டியில் ஏறி உட்கார்ந்தார். பதினெட்டு ஆண்டுகள் அந்த இருக்கையே அவருக்கு வாழ்க்கை. அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் நின்றால் இடுப்பு கடுக்கும், உட்கார்ந்தால் கடுக்காது. ஆகவே அது அவருக்கு வேலை மட்டுமன்று, மருந்தும் ஆகும்.

அந்தப் பதினெட்டு ஆண்டுகளில் அவர் வண்டியோடு வாயிலைத் தாண்டியதில்லை. வேகமுள் இருபதைத் தொட்டதில்லை.

எதிர்ப்புறத்துக் காலி மனையை நிறுவனம் வாங்கி, காலி டிரெய்லர்களை அங்கே நிறுத்த முடிவு செய்தபோது சிக்கல் தொடங்கியது. இரண்டு வளாகங்களுக்கும் நடுவே ஒரு பொதுச்சாலை ஓடியது. அதன் அகலம் நாற்பது அடி. பின்னாளில் மனு எழுதுவதற்காக நானே நாடா பிடித்து அளந்தேன். பொதுச்சாலையில் ஓர் அடி உருண்டாலும் கனரக உரிமம் வேண்டும். இனி ஒவ்வொரு நடையும் சாலையைக் கடந்தாக வேண்டும் என்பதால், முறையான உரிமம் இல்லாதவர் அந்த வண்டிகளில் அமரவே கூடாதென்று காப்பீட்டு நிறுவனத்தார் எழுதிவிட்டார்கள். மூன்று மாத அவகாசம் கிடைத்தது.

மேலாளர் அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார்.

"அண்ணே, இது உங்களுக்குத் தண்ணி பட்ட பாடு. மூணு மாசத்துல லைசென்ஸக் கொண்டாந்து மேசையில போடுங்க. சீட்டு உங்களோடதுதான்."

"போடலைன்னா சார்?"

"போட்டுருவீங்கண்ணே."

"இல்ல சார், போடலைன்னா?"

மேலாளர் கோப்பில் எதையோ தேடத் தொடங்கினார்.

அப்போது நான் ஓய்வு பெற்று ஓராண்டு ஆகியிருந்தது. இரண்டு தெரு தள்ளித்தான் அவர் வீடு. அன்று மாலையே விதிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அறுபத்திரண்டு பக்கம். முன்பெல்லாம் யாரிடம் பழகினாலும் நேராகத் தேர்வுக்குப் போகலாம். புதிய விதி அப்படியன்று. முதன்முறையாகக் கனரக வணிக உரிமம் கேட்பவர் எவராயினும், அரசுப் பட்டியலில் உள்ள பள்ளியில் கட்டாயப் பயிற்சி பெற வேண்டும். பாடம், மைதானம், சாலை என்று மூன்று பகுதிகள். ஒவ்வோர் இனத்துக்கும் எதிரே பயிற்சியாளர் ‘தேர்ச்சி’ என்று குறிக்க வேண்டும். பள்ளி அதை அரசுப் பதிவேட்டில் ஏற்றிய பிறகே தேர்வுக்குத் தேதி கிடைக்கும்.

நான் ஒவ்வொரு பத்தியாகப் படித்து, வேண்டியவற்றுக்குப் பென்சிலால் கோடிட்டு, விண்ணப்பத்தை நிரப்பினேன்.

"பதினெட்டு வருஷம் ஓட்டினத எங்க சார் எழுதணும்?"

"அதுக்குக் கட்டமே இல்லப்பா. உரிமத்தோட பொதுச்சாலையில ஓட்டினாத்தான் அனுபவமாம்."

"அப்போ நான் யாரு?"

"புதிய ஓட்டுநர்."

அவர் சிரித்தார். "நாப்பத்தெட்டு வயசுல யாருமே என்னைப் புதுசுன்னு சொல்லல சார். எழுதுங்க, எழுதுங்க."

பயிற்சி வகுப்பில் பதினொரு பேர். பெரும்பாலோர் அவருக்குப் பிள்ளைகள் ஆகும் வயதினர். அவருக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தவர், பன்னிரண்டு ஆண்டுகள் பள்ளிக்கூட வேன் ஓட்டிய ஒரு பெண்மணி. வகுப்பே அவரை ‘வேன் அக்கா’ என்று அழைத்தது. முப்பது குழந்தைகளை அதட்டிப் பழகிய குரல் அவருக்கு. முதல் நாளே ரிவர்ஸ் அண்ணனைப் பார்த்து, "அண்ணே, நீங்க வாத்தியாருன்னு நினைச்சு எழுந்து நின்னுட்டேன்" என்று சொல்லி வகுப்பைச் சிரிக்க வைத்தவர்.

பாடங்கள் கணினித் திரையில் வந்தன. சுமை கட்டும் முறை, பணி நேர வரம்பு, களைப்பு, நீண்ட இறக்கத்தில் பிரேக்கைக் காப்பது என்று முப்பத்தொரு அத்தியாயங்கள். வீட்டில் மனைவிதான் கேள்வி கேட்டார். சலவையகம் ஒன்றில் இஸ்திரி போடும் வேலை அவருக்கு. வீட்டுத் துணிகளை இரவு உணவுக்கு முன் இஸ்திரி போட்டுக்கொண்டே, புத்தகத்தை மேசை ஓரத்தில் விரித்து வைத்துக் கேட்பார். ஒரு நாள் நானும் அங்கே இருந்தேன்.

"தொடர்ந்து எத்தனை மணி நேரம் ஓட்டலாம்?"

"சாப்பாட்டு மணி அடிக்கிற வரைக்கும்."

"ஏங்க, விளையாடாதீங்க. இறக்கத்துல பிரேக் சூடாகாம இருக்க என்ன பண்ணணும்?"

"எங்க யார்டுல இறக்கமே கிடையாதே."

"யார்டு, யார்டு! கேக்குறவன் உங்க யார்டப் பத்தியா கேக்குறான்? அதை வாசல்லயே கழட்டிப் போட்டுட்டு வாங்க." சட்டைக் கழுத்தை ஒருமுறை ஓங்கி அழுத்தினார். "சொல்லுங்க."

"சின்ன கியர்ல மெதுவா இறங்கணும்."

"இதைச் சொல்ல இவ்வளவு நேரம்."

தேர்ச்சிக்கு எண்பது வேண்டும். அவர் எண்பத்து நான்கு எடுத்தார்.

மைதானப் பகுதி ஒரே காலையில் முடிந்துபோனது. நேராகப் பின்வாங்குதல், சாய்வாகப் பின்வாங்குதல், குறுகிய இடத்தில் நுழைத்தல் என எல்லாவற்றையும் முதல் முறையிலேயே செய்தார். பயிற்சியாளர் (அவரை எல்லோரும் ‘மாஸ்டர்’ என்பார்கள்) தேநீர்க் கோப்பையைக் கையில் பிடித்தபடி குடிக்க மறந்து நின்றாராம்.

"அண்ணே, எனக்கு எதுக்குச் சம்பளம் குடுக்குறாங்கன்னு எனக்கே சந்தேகமா இருக்கு" என்றாராம்.

சாலைப் பகுதியில்தான் அவருடைய வாழ்க்கை திரும்பியது.

பயிற்சி வண்டிக்கு எட்டுக் கியர்கள். கீழ் நான்கு, மேல் நான்கு. நடுவே மாறுவதற்குக் கியர்க் கம்பியின் தலையில் ஒரு சிறு விசை உண்டு. யார்டு வண்டியிலும் அதே விசை இருந்தது. பதினெட்டு ஆண்டுகளாக அவர் அதைத் தொட்டதில்லை. இருபதுக்குக் கீழே ஓடுகிறவனுக்கு மேல் நான்கு எதற்கு? இப்போது சாலையில், நான்காம் கியரில் எஞ்சின் அலற, பின்னால் வண்டிகள் வரிசை கட்ட, மாஸ்டர் "விசையத் தூக்குங்க, தூக்குங்கண்ணே!" என்று கத்த, அவர் விசையைத் தூக்குவார், கியர் விழாது. எந்தக் கியரிலும் இல்லாமல் அத்தனை கனமும் தன்போக்கில் உருளும். அந்த நொடியில் பயத்தில் அவர் பிரேக்கை மிதித்துவிடுவார்.

கண்ணும் அவருக்கு எதிரியாயிற்று. பழக்கத்தால் அது பக்கக் கண்ணாடிகளையே தேடியது.

"அண்ணே, கண்ணாடியிலயே குடியிருக்காதீங்க. முன்னாடி ஒரு உலகம் இருக்கு."

"முன்னாடி யாரு மாஸ்டர் பாத்தா? எனக்குப் பொழப்பே பின்னாடிதானே."

பின்னிருக்கையில் இருந்த வேன் அக்கா சிரித்துவிட்டாராம். அவரும் சிரித்தார். ஆனால் நான்கு சாலை வகுப்புகள் முடிந்தும் ஒருமுறைகூட ஐந்தாம் கியர் ஒழுங்காக விழவில்லை. மாஸ்டரால் ‘தேர்ச்சி’ என்று குறிக்க முடியவில்லை. ஐந்தாம் வகுப்பில் கிளட்ச் தட்டே எரிந்துவிட்டது. வண்டி பட்டறைக்குப் போனது. பாகம் வர இரண்டு வாரம் ஆகுமென்றார்கள். அவருடைய தேர்வுக்கோ ஒன்பது நாள்களே இருந்தன. அந்தத் தேதியைத் தவறவிட்டால் அடுத்தது மேலாளர் கொடுத்த கெடுவுக்குப் பிறகுதான்.

மாஸ்டர் நல்ல மனிதர். அன்று மாலை அவரைத் தனியே அழைத்துப் போய்ப் பள்ளியின் மற்றொரு வண்டியைக் காட்டினார்.

"இது ஆட்டோ கியர்ணே. கிளட்ச் இல்ல, கியர் கம்பி இல்ல. அதுவே மாத்திக்கும். நீங்க ரோட்ட மட்டும் பாருங்க."

"டெஸ்ட்டுக்கு இதை ஒத்துக்குவாங்களா?"

"ஏன் ஒத்துக்க மாட்டாங்க? லைசென்ஸ் லைசென்ஸ்தானே."

மாஸ்டர் ஏமாற்றவில்லை. அந்தப் பள்ளியில் பயின்றவர்களுள் பெரும்பாலோர் நெடுந்தொலைவு செல்லும் ஒரு பெரிய நிறுவனத்தில் சேர்பவர்கள். அங்கே எல்லாமே தானியங்கி வண்டிகள். கியர்க் கம்பியோடு இன்னும் ஒரு யார்டு இருக்கும் என்பதே அவர் நினைவில் எழவில்லை. ‘வாகன மாற்ற ஒப்புதல்’ என்றொரு தாள் வந்தது. ரிவர்ஸ் அண்ணன் கையொப்பமிட்டார்.

தானியங்கி வண்டியில் ஏறியதும் பயம் போன இடம் தெரியவில்லை. அன்றிரவு என் வீட்டு வாசலில் நின்றபடியே சொன்னார்: "சார், இன்னைக்கு அறுபதுல போனேன். மரமெல்லாம் எதிர்ல வருது சார். நான் இதுவரைக்கும் போற மரத்தத்தான் பாத்திருக்கேன்." வண்டி மாறியதை அவர் சொல்லவில்லை. கேட்க எனக்கும் தோன்றவில்லை.

விதிப் புத்தகத்தின் நாற்பத்தேழாம் பக்கத்தில் நான்கு வரிப் பத்தி ஒன்று உண்டு. தானியங்கி வண்டியை ஓட்டித் தேர்வில் வென்றவருக்கு அத்தகைய வண்டியை மட்டுமே ஓட்டும் உரிமம் வழங்கப்படும். அட்டையின் பின்புறம் அதற்குரிய எண் அச்சிடப்படும். நான் அதைப் படித்திருந்தேன், கோடிடவில்லை. பதினெட்டு ஆண்டுகள் கியர் வண்டி ஓட்டியவருக்கு இது எதற்கென்று பக்கத்தைத் திருப்பிவிட்டேன். மற்ற பக்கங்களில் நான் இட்ட கோடுகள் இன்றும் அப்படியே இருக்கின்றன.

அவர் தேர்வில் வென்றார். கெடுவுக்கு இரண்டு நாள் முன்னதாக உரிம அட்டை தபாலில் வந்தது. மனைவி அதை முந்தானையால் துடைத்துப் பார்த்து, "புது டிரைவர் சாருக்கு டீயா, காப்பியா?" என்று கேட்டாராம். மறுநாள் காலை அவர் அதை மேலாளரின் மேசையில் வைத்தார். மேலாளர் கைகுலுக்கி, நகலெடுத்து, காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பினார். பிற்பகல் மூன்று மணிக்கு மீண்டும் அழைத்தார்.

"அண்ணே, கார்டுக்குப் பின்னாடி பாத்தீங்களா?"

"என்ன சார்?"

"ஒரு நம்பர் இருக்கு. ஆட்டோ கியர் மட்டும்னு அர்த்தமாம். நம்ம வண்டி மூணுமே கியர் வண்டி."

அவர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

"சார், நேத்து சாயந்திரம் வரைக்கும் லைசென்ஸ் இல்லாம அதே வண்டிய ஓட்டினேன். இன்னைக்கு லைசென்ஸ் இருக்கு. ஓட்டக் கூடாதா?"

"நேத்து உங்களுக்கு லைசென்ஸ் இல்ல, அவ்வளவுதான். இன்னைக்கு நீங்க கியர் வண்டி ஓட்டக் கூடாதுன்னு அரசாங்கமே எழுதிக் குடுத்திருக்கு. அதை வாங்கிட்டு வந்து என் மேசையில வச்சது நீங்கதானே. நான் என்னண்ணே பண்றது?"

அடுத்த நாள் உரிம அலுவலகத்துக்கு நானும் உடன் சென்றேன். கண்ணாடிக்கு அப்பால் இருந்த அலுவலர் பொறுமையாகவே பேசினார். தடையை நீக்கலாம், மறுபடி பயிற்சி தேவையில்லை, கியர் வண்டி ஒன்றைக் கொண்டுவந்து ஓட்டிக் காட்டினால் போதும். ஆனால் கிடைக்கக்கூடிய முதல் தேதி நான்கு மாதங்களுக்குப் பிறகு. வண்டியை விண்ணப்பதாரரே கொண்டுவர வேண்டும்.

யார்டு வண்டியைக் கேட்டோம். மேலாளர் காப்பீட்டுப் பத்திரத்தைக் காட்டினார். அந்த நாற்பது அடி தவிர வேறெந்தச் சாலையிலும் அது ஓட அனுமதி இல்லை. பயிற்சிப் பள்ளிக்குப் போனோம். கிளட்ச் மாற்றி வந்த வண்டியில் வேன் அக்கா தேர்வை முடித்திருந்தார். அதுவே அதன் கடைசித் தேர்வு. பள்ளி உரிமையாளர் அதை விற்றுவிட்டு இரண்டாவது தானியங்கி வண்டிக்குச் சொல்லியிருந்தார். மாஸ்டர் எங்கள் முகத்தைப் பார்க்க முடியாமல், "அண்ணே, உங்க யார்டு எப்படின்னு நான் ஒரு வார்த்த கேட்டிருக்கணும்" என்றார். அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அன்று வீட்டில் மனைவி வெடித்தார்.

"அந்த ஆளச் சும்மாவா விட்டுட்டு வந்தீங்க?"

"அவரு என்ன பண்ணுவாரு? உதவிதானே பண்ணாரு."

"உதவி பண்றவங்ககிட்டயிருந்து உங்கள யாருங்க காப்பாத்துறது?"

நான் அங்கேதான் இருந்தேன். தலையைக் குனிந்துகொண்டேன்.

மூன்று மனுக்கள் எழுதினேன். முதல் மனுவுக்கு, விதிப்படியே நடைபெற்றிருப்பதாகப் பதில் வந்தது. இரண்டாவதை வேறொரு பிரிவுக்கு அனுப்பியிருப்பதாகச் சொன்னார்கள். மூன்றாவதற்கு, முதல் பதிலின் நகலையே அனுப்பினார்கள்.

இதற்குள் மேலாளர், தம்மால் இயன்றது இதுவென்று, அவருக்கு வேறொரு வேலை கொடுத்தார். டிரெய்லர் சாலையைக் கடக்கும்போது இருபுறமும் போக்குவரத்தை நிறுத்தச் சிவப்புக் கொடி பிடிக்க வேண்டும். எட்டு மணி நேரம் நின்றே பார்க்கும் வேலை. முதல் வாரத்திலேயே இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டார். இருக்கைக்கு ஆள் தேடி விளம்பரம் செய்தார்கள். தேர்ந்தெடுக்கப்பட்டவர் வேன் அக்கா.

வேலையில் சேருவதற்கு முன் அவர் ரிவர்ஸ் அண்ணனின் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அண்ணே, நீங்க வேணாம்னா நான் போகல."

"நான் வேணாம்னா வேற ஒருத்தர் வருவாரு. நீ வந்தா கிளட்சாவது பொழைக்கும்."

"அந்த நம்பர் விஷயம் எனக்கு அப்பவே தெரியும்ணே. அதனாலதான் கியர் வண்டி வரட்டும்னு காத்திருந்தேன். உங்களுக்கும் தெரியும்னு நினைச்சேன். நீங்க போயி தெரியாம இருப்பீங்களான்னு..."

"எல்லாரும் அதையேதாம்மா நினைச்சிருக்காங்க" என்றார் அவர்.

மனைவி தேநீர்க் கோப்பையைக் கொண்டுவந்து வேன் அக்காவின் கையில் கொடுத்தார்.

வேன் அக்கா வேலையில் சேர்ந்த இரண்டாவது வாரம், ஒரு நண்பகலில், மூன்றாவது பதிலை எடுத்துக்கொண்டு நான் கிடங்குக்குப் போனேன். ரிவர்ஸ் அண்ணன் கொடியை நீட்டி நின்றார். வேன் அக்கா காலி டிரெய்லரோடு எதிர் வளாகத்திலிருந்து வெளிப்பட்டார். சரியாகச் சாலையின் நடுவே எஞ்சின் அணைந்தது.

அந்தப் பழைய வண்டிக்கு ஒரு குணம் உண்டு. இரண்டாம் கியரில் அணைந்தால் கம்பி இறுகிக்கொள்ளும். கிளட்சைப் பாதி மட்டும் மிதித்து, கம்பியை இடப்பக்கம் தட்ட வேண்டும். புதிதாக ஏறியவருக்கு அது தெரிய வழியில்லை. வேன் அக்கா முழுதாக மிதித்து இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. இருபுறமும் வண்டிகள் குவிந்தன. ஒலிப்பான்கள் ஒன்றாய் அலறின.

"பாதி மிதிம்மா! பாதி!" என்று அவர் கீழிருந்து கத்தினார். மேலே கேட்கவில்லை.

வாயிற்காவலர் ஓடி வந்தார். "ரிவர்ஸ் அண்ணே, ஏறுங்க! ஒரு நிமிஷ வேலை!"

வேன் அக்காவும் கதவைத் திறந்து, பக்கத்து இருக்கைக்கு நகர்ந்து, "வாங்கண்ணே, வாங்க" என்று கையை நீட்டினார்.

அவர் கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கைப்பிடியைப் பற்றினார். ஒரு கால் படியில் ஏறியும்விட்டது. மேலாளர் வாயிலுக்கு வந்திருந்தார். ஏறு என்று அவர் சொல்லவில்லை. ஏறாதே என்றும் சொல்லவில்லை. காதில் கைப்பேசியை வைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிவிட்டார். கம்பத்தின் உச்சியில் கண்காணிப்புக் கேமரா இருந்தது. பொதுச்சாலையில், உரிமத்துக்கு மாறான வண்டியில் பிடிபட்டால், அந்த உரிமமும் போகும். ஓராண்டு விண்ணப்பிக்கவும் முடியாது. இது விதிப் புத்தகத்தின் ஐம்பத்து மூன்றாம் பக்கம். இதற்கு நான் கோடிட்டிருந்தேன்.

ரிவர்ஸ் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த பதில் கடிதத்தை மடித்தேன்.

காலைக் கீழே வைத்தார். கதவருகே நின்றபடி, கையால் காட்டிக் காட்டிச் சொல்லத் தொடங்கினார். வேன் அக்கா திரும்ப ஓட்டுநர் இருக்கைக்கு வந்து, நான்கு முறை முயன்றார். ஐந்தாம் முறை கம்பி நகர்ந்தது. என் கைக்கடிகாரத்தின்படி பதினொரு நிமிடங்கள் ஆகியிருந்தன. டிரெய்லர் மெல்ல வளாகத்துக்குள் போனது. மேடையில் பொருந்த மூன்று முறை முன்னிழுக்க நேர்ந்தது. ரிவர்ஸ் அண்ணன் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. இடுப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சாலையோரத்துக்கு வந்தார்.

நின்றிருந்த வண்டிகள் நகரத் தொடங்கின. முதல் லாரியின் ஓட்டுநர் சன்னல் வழியே தலையை நீட்டினார்.

"யோவ், கால் மணி நேரமா கொடியப் புடிச்சுக்கிட்டு நிக்கிறியே! ஏறி எடுத்து விடுறதுதானே? வண்டி எடுக்கத் தெரியாதா?"

"தெரியாதுங்க" என்றார் ரிவர்ஸ் அண்ணன். "நீங்க போங்க." அவருக்கு வழிவிட்டுக் கொடியை இறக்கினார்.